விழுப்புரமா, திண்டிவனமா? முதுகலை மாணவர் வீடு தேடும்போது

வாடகை வீட்டைத் தீர்மானிப்பது முதலில் கல்லூரியின் இருப்பிடம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் படிப்பவர்களுக்கு அந்தந்த ஊரிலேயே அறை கிடைத்தால் போதும். அரசு மருத்துவக் கல்லூரியோ விழுப்புரத்துக்கு வடக்கே முண்டியம்பாக்கத்தில் உள்ளது. அங்கே படிப்பவர் நகருக்குள் தங்கினால் தினமும் பயணம் உண்டு. கல்லூரி அருகே தங்கினால் கடைகண்ணிக்கு நகரை நாட வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளில் ரயில் பாதை பிரியும் சந்திப்பு விழுப்புரம். வாரந்தோறும் சொந்த ஊர் செல்பவருக்கு இது வசதி. திண்டிவனம் சென்னைக்குச் சற்று அருகில். புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் அங்கே பிரிகின்றன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பதால், மாணவிகள் சற்றுத் தள்ளியுள்ள பகுதிகளையும் பார்க்கலாம். ஆனால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு உண்டா என்பதை இருட்டிய பிறகு நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

மழைநீரும் முக்கியம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.

இறுதியாக ஒப்பந்தம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது.