அருவியில் தலையைக் கொடுத்தால் துக்கம் இறங்குமா?

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மனைவி தவறிய பிறகு, நெஞ்சை அடைக்கிற மாதிரி வரும்போதெல்லாம் பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்த் தலையைக் கொடுக்கிறாராம். வெளியே வரும்போது பாரம் குறைந்திருக்கிறது. கூட்டாளிகளோ, "இதுக்கு எதுக்குண்ணே அவ்வளவு தூரம்? ஒரு குவார்ட்டர் போட்டுட்டுத் தூங்குங்க" என்கிறார்கள். பாரம் குறைவது மூலிகைத் தண்ணீரின் மகிமையா, மனப்பிரமையா என்பது அவர் கேள்வி.

மூலிகையை முதலில் தள்ளிவிடலாம். மலைக்காட்டை நனைத்துக்கொண்டுதான் தண்ணீர் வருகிறது. ஆனால் சாரல் காலத்து வெள்ளத்தில் கரைந்து வரும் எதுவும் தோல் வழியே புகுந்து மனசைத் தேற்றும் அளவுக்கு இருக்க வழியில்லை. அதற்காக மனப்பிரமை என்றும் சொல்ல மாட்டேன். உடம்பில் நிஜமாகவே ஒன்று நடக்கிறது. அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குளிர்ந்த நீர் நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் பட்டு, கூடவே மூச்சும் நின்றால், முகத்தின் முக்கிளை நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகிறது: ஆள் தண்ணீருக்குள் போய்விட்டான். மூளைத்தண்டு யோசிப்பதில்லை. வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை மிச்சம் பிடிக்கிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் வாத்துக்கும் நமக்கும் பொதுவான ஏற்பாடு இது. மனிதர்களில் துடிப்பு பொதுவாக 10 முதல் 25 சதவீதம் வரை குறையும். கைக்குழந்தைகளுக்கு ஒருவகை இதயப் படபடப்பு வந்தால், மருத்துவர்கள் ஐஸ் பையைச் சில நொடி முகத்தில் வைத்து நிறுத்திப் பார்ப்பதும் இதே வழியில்தான்.

அருவிக்கு அடியில் நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிகிறார்கள். தண்ணீர் நெற்றியில் இறங்கி மூக்கை மூடுகிறது. மூச்சு தானாக நிற்கிறது. சில நொடியில் முகத்தை வெளியே நீட்டி, நீளமாக ஊதி விட்டுவிட்டு மறுபடி உள்ளே. இந்த அனிச்சைச் செயலைத் தூண்ட என்ன வேண்டுமோ, அதைத்தான் யாரும் சொல்லித்தராமல் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

செங்கோட்டைக்காரருக்கு இதைச் சொல்ல, மலையிறங்கும் கொல்லம் ரயிலே போதும். நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70-ஐ ஒட்டி இருப்பதற்குக் காரணம், வேகஸ் ஓயாமல் பிரேக்கைப் பிடித்திருப்பதுதான். ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்கு இறங்கும் வண்டியும் அப்படிப் பிரேக் பிடித்தபடியேதான் இறங்குகிறது. துக்கம் பொங்கும்போது பிரேக் தளர்கிறது. போதாக்குறைக்குப் பின்னால் மாட்டிய இன்ஜினும் தள்ளுகிறது. அட்ரினலின்தான் அந்த இரண்டாவது இன்ஜின். அருவித் தண்ணீர் பிரேக்கை மறுபடி பிடித்துக் கொடுக்கிறது, வண்டி நிதானத்துக்கு வருகிறது. தடம் மாறுவதில்லை. வழியிலுள்ள குகைகளும் பதின்மூன்று கண் பாலமும் அங்கேயேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கடந்துதான் ஊர் போய்ச் சேர வேண்டும். கூட்டாளிகள் சொல்லும் குவார்ட்டர், அதே இறக்கத்தில் டிரைவரைத் தூங்கவைக்கிறது.

மது மூளையில் அடக்கும் வேலை செய்யும் 'காபா' என்ற ரசாயனத்துக்குக் கை கொடுத்து, கிளப்பிவிடும் குளூட்டமேட்டை அமுக்குகிறது. மூளை சும்மா இருக்காது. ஈடுகட்ட எதிர்த்திசையில் தள்ளும். நடுராத்திரிக்கு மேல் மது கரைந்துபோக, அந்த எதிர்த் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து முழிப்பு, படபடப்பு. மறுநாள் அளவு கூடுகிறது. ஒரு வழி நல்லதா கெட்டதா என்று பார்க்க, ஆறு மணி நேரம் கழித்து அது நம்மை எங்கே கொண்டுவந்து விடுகிறது என்று கேட்டாலே போதும்.

பழைய கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனநிலை பாதிக்கப்பட்டவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து அருவியில் நிறுத்துவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பேட்ரிக் பிளேர் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் இதையே சிகிச்சை என்று செய்தார்: கணவனை வெறுத்த ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டு, அடங்கி நடப்பதாக வாக்குக் கொடுக்கும் வரை தலைமேல் தண்ணீரைக் கொட்டவைத்தார். அது சித்திரவதை. யாரையும் பலவந்தமாக அருவிக்குள் தள்ளுவது எந்த நூற்றாண்டிலும் வைத்தியம் ஆகாது.

இப்போது ஐஸ் தொட்டிக்குள் உட்கார்ந்து 'வேகஸை ரீசெட் செய்கிறேன்' என்று வீடியோ போடுகிறார்கள். உடம்பு முழுவதும் திடீரென ஐஸ் நீரில் இறங்கினால் முதலில் வருவது அதிர்ச்சி: மூச்சுத் திணறும், இதயம் வேகமெடுக்கும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. குற்றாலத் தண்ணீர் அவ்வளவு குளிர்ந்ததல்ல. பலனும் அதற்கேற்ற மிதமான பலன்தான்.

நிதானம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. 1997-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோகப் படம் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சோகம் குறையவில்லை. உடம்பின் பதற்றம்தான் கூடியது. ஆம்பளை அழக்கூடாது என்று வளர்க்கப்பட்ட அத்தனை பேரும் அந்தச் சோதனையை ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் துட்டி கேட்க வருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி நடந்தது, கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்பார்கள். அதே கதையைப் பத்துப் பேரிடம் சொல்லி அழ வேண்டியிருக்கும். அந்த வழக்கத்துக்கு நான் முழு மதிப்புக் கொடுக்கிறேன். பதினாறாம் நாளோடு கேட்பவர்கள் நின்றுபோவதுதான் அதில் உள்ள குறை.

ஆகவே வாசகரே, அருவிக்குப் போங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. தடை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். சாரல் இல்லாத மாதங்களில், இதயக் கோளாறு இல்லாதவர் என்றால், குளிர்ந்த வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி 15 நொடி மூச்சைப் பிடித்தாலும் போதும். திரும்பும் வழியில் மனைவியைப் பற்றிப் பேச ஒரு ஆளைப் பிடியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினாலோ 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.