பஸ்ஸில் வந்த மனநல மருத்துவர்

"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!" வகுப்பில் இந்தக் கேலி இன்னும் என் காதில் விழுகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில், 1911-இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். மாணவர்களே, அங்கே சிகிச்சை பெறும் நோய்களில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

உளப்பிறழ்வு வந்தவருக்கு, யாரும் பேசாதபோதே குரல் கேட்கலாம். யாரோ தம்மை வேவு பார்ப்பதாகத் தோன்றலாம். இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. குரல் கேட்கும் நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், மொழிக்கும் செவிக்கும் உரிய பகுதிகள் இயங்குவது தெரிகிறது. அவருக்கு அது உண்மையான குரல்தான். மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளின் வேலையை மட்டுப்படுத்தும் மருந்துகள் பலருக்கு அந்தக் குரலைத் தணிக்கின்றன. ஆனால், மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

இங்கேதான் தூரம் குறுக்கே நிற்கிறது. சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்த்துவர ஒரு நாள் சம்பளம் போகும். துணைக்கு வருபவரின் சம்பளமும் போகும்.

தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப், 2010-இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. பஸ்ஸுக்குள் ஓர் ஆலோசனை அறை. அதில் திரையும் கேமராவும். நோயாளி இங்கே உட்கார, மருத்துவர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலிருந்து பேசுவார். அவர் எழுதும் மருந்து அந்தப் பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கும். காத்திருப்பவர்கள் வெளியே மனநலம் பற்றிய படமும் பார்க்கலாம். ஊரே கூடி நின்று அந்தப் படத்தைப் பார்ப்பதுகூட ஒரு மருந்துதான் என்பேன்!

இன்று கைப்பேசியே மருந்து நேரத்தை நினைவூட்டும், காணொளியில் மருத்துவரையும் காட்டும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தம்மை வேவு பார்க்கிறார்கள் என்று அஞ்சுபவர் முன் திடீரென்று கேமராவை நீட்டினால் என்ன ஆகும்? பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்ல, அவருக்குப் பழக்கமான ஒருவர் வேண்டும். புதுக்கோட்டையில் அதற்கு அந்த வட்டாரத்துப் பணியாளர்கள் இருந்தார்கள். வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள்.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படிக் குரல் கேட்டால், ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையையும் அழைக்கலாம்: 15555.