கண் விழித்திருக்க நினைவு நழுவும் நோய்

வலிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது கை கால் வெட்டி இழுப்பதும், வாயில் நுரை தள்ளுவதும், யாரோ ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதுமே. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. அது தானே ஓய்கிறது. ஆனால் இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாத வலிப்பும் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் 'அப்சன்ஸ்' வலிப்பே அது. 'பெட்டி மால்' என்பது அதன் பழைய பெயர். பிரெஞ்சு மொழியில் 'சிறு நோய்' என்று பொருள்.

அறிகுறிகள்

பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் இது தொடங்குகிறது. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் குழந்தை திடீரென நின்றுவிடும். பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். இமைகள் இலேசாகத் துடிக்கலாம். கீழே விழுவதில்லை. சுமார் 10 விநாடி கழிந்ததும் விட்ட வேலையைத் தொடரும். நடந்தது அதற்குத் தெரியாது. இப்படி ஒரே நாளில் பல முறை வரும்.

நாளொன்றுக்கு 30 முறை என்று கொண்டாலும் மொத்தம் 5 நிமிடமே ஆகிறது. ஆனால் வாய்ப்பாட்டின் நடுவரியும் கணக்கின் ஒரு படியும் அந்த இடைவெளிகளில் போய்விடுகின்றன.

மூளை அலைகள்

மூளையின் மின் அலைகளை மனிதரிடம் முதன்முதலில் 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர். இந்நோய்க்குரிய அலையை 1935-இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் விளக்கினர். கூர்முனை ஒன்று, அதையடுத்து அகன்ற மெது அலை ஒன்று. இந்த இணை விநாடிக்கு 3 முறை வீதம், மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் எழுகிறது. 10 விநாடிக்குள் 30 இணைகள்! பிறகு சட்டென்று வழக்கமான அலைகள் திரும்புகின்றன. மூளையின் நடுவிலுள்ள தலாமசும் புறணியும் ஒன்றையொன்று தூண்டி ஒரே தாளத்தில் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். சோதனையின்போது குழந்தையை 3 நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னால் இந்த அலை பெரும்பாலும் வெளிப்படும். இதை மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும்.

பகற்கனவா, வலிப்பா?

பகற்கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். வலிப்பில் இருப்பது திரும்பாது. பாதிப் பேச்சிலும், வாயில் சோறு இருக்கும்போதும் நின்றுவிட்டால் ஐயம் கொள்ள வேண்டும்.

மருத்துவம்

எத்தோசக்சிமைடு, வால்புரோயேட் முதலிய மருந்துகள் நல்ல பலன் தருகின்றன. கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மருந்துகளோ இதை அதிகமாக்கக்கூடும். ஆகவே வகையறிந்து மருந்து தருவது முக்கியம். பலருக்குப் பருவ வயதில் நோய் நின்றுவிடுகிறது. அதுவரை தாமிரபரணியில் குளிக்க இக்குழந்தைகளைத் தனியே விடலாகாது. படித்துறையில் 10 விநாடி சிறிது நேரமன்று.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்களைப் போன்ற வீடுகளில், 'பிள்ளைக்குக் கவனம் போதாது' என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினால் மறுகேள்வி கேட்கத் தெரியாது. பிள்ளைக்கு அடிதான் விழும். நம்மில் பலர் நாளை பி.எட். முடித்து ஆசிரியராகப் போகிறவர்கள். பிரம்பை எடுக்கும் முன் அக்குழந்தையின் கண்களை ஒரு நிமிடம் கவனிப்போம். ஐயம் எழுந்தால் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவோம்.