நன்றிச் செபமும் 13 விநாடிகளும்



மனிதரைச் சுமந்து விண்ணோடம் ஒன்று மேலெழும் காட்சியை நேரடியாகப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. எண்ணிக்கை பத்திலிருந்து பூச்சியத்தை நோக்கி இறங்குகையில் பார்ப்பவரின் மூச்சும் அடங்குகின்றது. உள்ளே இருப்பவர் நமக்கு அறிமுகமற்றவரேயாயினும், அவர் நலமே போய்ச் சேரவேண்டும் என உள்ளம் தன்னையறியாமல் மன்றாடுகின்றது.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள கென்னடி விண்வெளி நிலையத்தில் ‘சலஞ்சர்’ விண்ணோடம் எழுவருடன் புறப்படக் காத்திருந்தது. அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்கோலிப். கத்தோலிக்கப் பாடசாலையில் கற்று, கொன்கோர்ட் நகரில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். 11,000இற்கும் மேற்பட்ட ஆசிரியர்களுள் தெரிவுசெய்யப்பட்ட அவர், விண்ணிலிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவிருந்தார். ஆதலால் நாடெங்கும் வகுப்பறைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகள் திறந்திருந்தன. கொன்கோர்ட் பாடசாலை மண்டபத்தில் மாணவர்கள் கொண்டாட்டத் தொப்பிகள் அணிந்து ஊதுகுழல்களுடன் கூடியிருந்தார்கள். ஏவுதளத்தின் பார்வையாளர் மேடையில் அவருடைய பெற்றோர் அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.

அதே நேரத்தில், தொலைவிலுள்ள யூட்டா மாநிலத்தில் வேறு சிலரும் திரையை நோக்கியிருந்தார்கள். விண்ணோடத்தை உந்திச் செல்லும் திண்ம எரிபொருள் ஏவுகலன்களை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியியலாளர்கள் அவர்கள். மற்றையோர் அறியாத ஒன்றை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வேவுகலன்கள் பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டவை. பொருத்துகளின் ஊடாக வெப்ப வாயு கசியாதவாறு இறப்பர் வளையங்கள் காத்துநின்றன. கடுங்குளிரில் இறப்பர் இறுகிவிடும். உரிய வேகத்தில் விரிந்து இடைவெளியை அடைக்காது. ஆகவே, வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைந்தால் ஏவவேண்டாம் என்று முந்திய இரவு அவர்கள் தொலைபேசி வழியே மணிக்கணக்காக வாதாடினார்கள். நாசா அதிகாரிகள் அதனை ஏற்கத் தயங்கவே, நிறுவனத்தின் முகாமையாளர்களும் இறுதியில் இணங்கிவிட்டார்கள். அன்றிரவு ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது.

ரோஜர் போஷொலே என்னும் பொறியியலாளருக்கு அக்காட்சியைப் பார்க்கவே மனமில்லை. நண்பர் பொப் எபலிங்கின் வற்புறுத்தலால் வந்து அமர்ந்தார். ஏவுகலன்கள் பற்றிக்கொள்ளும் கணத்திலேயே வெடித்துவிடும் என அவர்கள் அஞ்சியிருந்தார்கள். அவ்வாறு நிகழவில்லை. ஓடம் ஏவுகோபுரத்தைக் கடந்து உயர்ந்தது. 60ஆவது விநாடியளவில், இறைவனுக்கு நன்றி கூறிச் செபித்து முடித்ததாக எபலிங் நண்பரிடம் சொன்னார். அதிலிருந்து 13 விநாடிகளில், ஏறத்தாழ 14 கிலோமீற்றர் உயரத்தில் சலஞ்சர் சிதறியது. வானில் பிரிந்து சென்ற வெண்புகையின் பொருள் புரியாமல் மேடையில் சிலர் ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள். எழுவருள் எவரும் உயிர்தப்பவில்லை.

அந்த நன்றிச் செபம் என்னவாயிற்று? இதற்கு எளிதான விடை சொல்வது துன்புற்றோரை மேலும் நோகச்செய்வதாகும். எபலிங்கும் எளிதாக ஆறுதல் அடையவில்லை. தம்மால் ஏவுதலைத் தடுக்க இயலவில்லையே என்ற வேதனையை 30 ஆண்டுகள் சுமந்தார். அப்பணிக்குத் தம்மைத் தெரிந்தெடுத்ததில் கடவுளே தவறிவிட்டார் என்றும், அவரைச் சந்திக்கையில் ‘ஏன் என்னை?’ எனக் கேட்கப்போவதாகவும் 2016இல் வானொலிச் செவ்வியொன்றில் மனமுடைந்து கூறினார். இதுவும் ஒரு செபமே. உண்மையை மறைக்காத செபம்.

அதனைக் கேட்ட நூற்றுக்கணக்கானோர் அவருக்கு மடல் எழுதினார்கள். அன்று அவருடைய எச்சரிக்கைக்கு மாறாக முடிவெடுத்தவர்களுள் இருவரும், ‘நீர் உம் கடமையைச் செய்தீர்’ என்னும் பொருள்பட ஆறுதல் கூறினார்கள். பாரம் சிறிது சிறிதாக இறங்கியது. அவ்வாண்டு மார்ச் மாதம், தமது 89ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

பொருத்துகள் திருத்தியமைக்கப்பட்ட பின்னரே, 1988 செப்டெம்பர் 29இல் மீண்டும் விண்ணோடம் மனிதருடன் பறந்தது. ஏற்கப்படாத எச்சரிக்கை பிந்தியேனும் பயன்தந்தது.

நம் இல்லங்களிலும் ‘வேண்டாம், பொறுங்கள்’ என்று கூறும் குரல் ஒன்று இருக்கலாம். அது இளையவருடையதாகவோ, பதவியற்றவருடையதாகவோ இருக்கலாம். அவசரத்தில் அதனை அடக்காதிருப்போம். கூறியும் கேட்கப்படாமற் போனதால் குற்றவுணர்வில் வாடும் ஒருவரை நாம் அறிந்திருப்பின், அவருக்கு ஆறுதல் மொழி எழுத 30 ஆண்டுகள் காத்திராதிருப்போம். இந்த வாரமே எழுதுவோம்.