தீட்டும் பாவமும்: பண்டை இஸ்ரவேலரின் தூய்மைச் சடங்கு

பண்டை இஸ்ரவேலரின் தூய்மைச் சட்டங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும், தீட்டு என்பதைப் பாவம் என்றே பொருள் கொண்டுவிடுகின்றனர். இது பொருந்தாது. லேவியராகமம் 11 முதல் 15 வரையிலான அதிகாரங்களை நோக்குவோமாயின், மகப்பேறு, மாதவிடாய், தோல்நோய் ஆகியனவும் தீட்டுண்டாக்குவனவாகச் சொல்லப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இவற்றுள் எதுவும் குற்றமன்று. இறந்த தந்தையை அடக்கம் செய்தவனும் தீட்டுக்குள்ளாகிறான். அவன் செய்ததோ கடமை. ஃபிக்ஹு நூல்களில் பெருந்தொடக்கு, சிறுதொடக்கு பற்றிப் பயின்றோருக்கு இவ்வேறுபாடு புதியதன்று.

சாவுத் தீட்டு மிகக் கடுமையானது. அதனை நீக்கும் முறையை எண்ணாகமம் 19ஆம் அதிகாரம் விரித்துரைக்கிறது. ஊனமற்ற, நுகம் பூட்டப்படாத, சிவப்புக் கிடாரி ஒன்றைப் பாளயத்துக்கு வெளியே அறுத்து, தோல், இறைச்சி, இரத்தம், சாணம் அனைத்தோடும் எரிக்க வேண்டும். கேதுருக் கட்டை, ஈசோப்பு, சிவப்பு நூல் ஆகியவற்றையும் அத்தீயில் இட வேண்டும். சேமித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து, பிணத்தைத் தொட்டவன்மீது மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஈசோப்பினால் தெளிப்பர். வியப்பு யாதெனில், கிடாரியை எரித்தவனும், சாம்பலை அள்ளியவனும், அந்நீரைத் தொட்டவனும் மாலைவரை தீட்டுடையோராகின்றனர்! யூத அறிஞர் இப்புதிருக்குப் பல விளக்கங்கள் தந்துள்ளனர். இறைக்கட்டளை என்பதனாலேயே ஏற்க வேண்டியது என்று கூறி அமைந்தவர்களே நேர்மையாகப் பேசினார்கள் என்பது நம் கருத்து.

திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் (2:67–73) நபி மூஸா (அலை) அவர்கள் அறுக்கச் சொன்ன பசு இங்கே நினைவுக்கு வரும். நிலம் உழாதது, வடுவற்றது என்னும் அடையாளங்கள் ஒத்திருப்பினும், அங்கே நிறம் மஞ்சள். சந்தர்ப்பமோ ஒரு கொலை. அவ்வகையில் உபாகமம் 21ஆம் அதிகாரத்துக் கிடாரிக்கே அது நெருக்கமானது.

கிறிஸ்தவர்களுக்கு இச்சாம்பல் முக்கியமானது எபிரெயர் நிருபத்தினால். சாம்பல் உடலைத் தூய்மையாக்குமெனின், கிறிஸ்துவின் இரத்தம் மனச்சாட்சியை எவ்வளவு மிகுதியாகத் தூய்மையாக்கும் என வாதிடுகிறது அதன் 9ஆம் அதிகாரம். 13ஆம் அதிகாரமோ, பாளயத்துக்கு வெளியே எரிக்கப்பட்ட பலிகளை, நகரவாயிலுக்கு வெளியே அவர் பட்ட பாடுகளோடு இணைக்கிறது. சிலுவை பற்றி நமது நம்பிக்கை வேறு. ஆயினும் இவ்வாதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பழைய சடங்கு உடலளவிலேனும் பயன் தந்தது என ஒப்புக்கொண்டால்தான் 'எவ்வளவு மிகுதியாக' என்பது நிற்கும். அச்சடங்கை வெறும் வெளிவேடம் என்று இகழும் கிறிஸ்தவப் போதகர், தம் வேதத்தின் வாதத்தையே வலுவிழக்கச் செய்கின்றனர்.

சுவிசேஷங்களும் அவர்களுக்குத் துணைநில்லா. குணமடைந்த தொழுநோயாளியிடம், ஆசாரியரிடம் சென்று மூஸாவின் கட்டளைப்படி காணிக்கை செலுத்துமாறு ஈஸா (அலை) கூறியதாக மாற்கு எழுதுகிறார். மர்யம் (அலை) அவர்களின் சுத்திகரிப்பு நாட்கள் நிறைவேறியபின் இரு பறவைகள் காணிக்கையாகச் செலுத்தப்பட்டதை லூக்கா குறிப்பிடுகிறார். அதனையொட்டியே பெப்ரவரி 2ஆம் நாள் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்ற தாய்க்கு லேவியராகமம் 12ஆம் அதிகாரம் அளித்த சலுகையே அந்த இரு பறவைகள்.