வீட்டுக்குத் தையல் இயந்திரம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், வீட்டில் நெடுநாளாகச் சொல்லி வந்த பொருள்களை வாங்கும் எண்ணம் எழுவது இயற்கை. அவற்றுள் தையல் இயந்திரமும் ஒன்று. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பகுதிகளிலிருந்து புதுச்சேரி நகருக்கு வந்து, கடையில் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கிச் சென்று, பின்னர் அதன் மேல் துணி மடித்து வைக்கும் வீடுகளும் உண்டு. அதே இயந்திரத்தால் ஓய்வு மாதங்களில் வருமானம் பெறும் வீடுகளும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வாங்குமுன் கணக்குப் பார்த்ததும் பார்க்காததுமே ஆகும்.

முதலில் கணக்கு

சென்ற ஓராண்டில் தையல் கூலியாக நீங்கள் கொடுத்ததை ஒரு தாளில் எழுதுங்கள். ரவிக்கை, உள்பாவாடை, பிள்ளைகளின் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ், தலையணை உறை எல்லாவற்றையும் சேருங்கள். அதில் வீட்டில் தைக்கக்கூடியவை எவை என்று பிரியுங்கள். புதிதாகக் கற்பவர் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் உடனே தைத்துவிட முடியாது. மேலும், காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் ஆயத்த உடைகள் மலிவாகவே கிடைக்கின்றன. ஆகவே வீட்டுத் தையலில் உண்மையான மிச்சம், உடலளவுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையிலும், பழைய உடைகளைச் சீர்படுத்துவதிலும்தான் உள்ளது.

உதாரணமாக, ஆண்டுக் கூலி 3,000 ரூபாய், அதில் வீட்டில் தைக்கக்கூடியது 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், ஊசி, எண்ணெய் ஆகியவற்றுக்கு 500 ரூபாய் போனால் நிகர மிச்சம் 1,500 ரூபாய். 8,000 ரூபாய் இயந்திரத்தின் விலை திரும்பிவர ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். நல்ல நிலையிலுள்ள பழைய இயந்திரம் 4,000 ரூபாய்க்குக் கிடைத்தால் மூன்று ஆண்டுகளுக்குள் தேறிவிடும்.

அதே 8,000 ரூபாயை இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினால், மாத வட்டி 160 ரூபாய். ஆண்டுக்கு 1,920 ரூபாய். மிச்சமோ 1,500 ரூபாய்தான். இயந்திரம் வட்டிக்கே உழைக்கும். அசல் அப்படியே நிற்கும். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் கைப்பணத்தில் வாங்குங்கள். இல்லையேல் அடுத்த அறுவடை வரை பொறுத்திருங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்து மாதம் 500 ரூபாய் ஈட்ட முடியுமானால் நிலைமை வேறு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் கூடுதலாக வரும். முதல் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்களில் திரும்பிவிடும்.

எந்த வகை?

தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற முன்னோடிகளுள் ஒருவர் பிரெஞ்சுத் தையற்காரரான தீமோனியே. அவர் 1830-இல் பெற்றார். 1851-இல் அமெரிக்காவில் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் உஷா இயந்திரத்தை உருவாக்கியது. பின்னர் பஞ்சாபின் லூதியானா நகரில் பல சிறு தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று கடையில் காணும் கறுப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. ஆதலால் ஊசி, பாபின், பாபின் கேஸ் முதலியன எளிதில் கிடைக்கும். பழுது பார்ப்போரும் ஊருக்கு ஊர் உண்டு.

நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு இயந்திரத்தை ஸ்டாண்டும் கால்மிதியும் சேர்த்து ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கலாம். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. ரவிக்கை, பாவாடை, சீருடை அனைத்துக்கும் இதுவே போதும். பிற்காலத்தில் வேலை கூடினால் சிறு மோட்டாரைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஜிக்ஜாக், பொத்தான் துளை முதலியன போடும் மின் இயந்திரங்கள் அதைவிட விலை கூடியவை. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க ஜிக்ஜாக் உதவும். ஆனால் பழுதானால் கண்ட இடத்தில் சரிசெய்ய இயலாது. பூ வேலைப்பாடு எத்தனை வகை என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அன்றாடம் பயன்படுவது இரண்டு மூன்றே.

கையடக்கமான சிறு பிளாஸ்டிக் இயந்திரங்கள் மிக மலிவாக விற்கின்றன. நான்கு மடிப்புத் துணியில் ஊசி இறங்காது. அவற்றைத் தவிர்த்தல் நலம். நெல் மூடும் தார்ப்பாயையும் சாக்கையும் தைக்கலாம் என்று எண்ணி எந்த வீட்டு இயந்திரத்தையும் வாங்க வேண்டாம். அவற்றுக்குத் தனி இயந்திரம் உண்டு.

பழைய இயந்திரம் வாங்கும்போது

பழையது என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு உடல் பல தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் முதலில் பாபினைக் கழற்றிப் பாருங்கள். வட்டப் பாபின் என்றால் நல்லது. படகு போன்ற நீண்ட நாடாவும் மெல்லிய நீளப் பாபினும் இருந்தால் அது மிகப் பழைய அமைப்பு. மாற்று உறுப்புக்கு அலைய நேரும்.

பின்வருவனவற்றையும் வரிசையாகச் சோதியுங்கள்.

1. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் தேய்மானமோ துருவோ இருக்கிறது.

2. ஊசித்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அதிகம் ஆடினால் வேண்டாம்.

3. இயந்திரத்தைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். கடற்காற்று வீசும் நம் பகுதியில் வண்ணத்துக்கு மேலே தெரியாத துரு கீழே தெரியும்.

4. நூல் கோக்காமல் ஒரு தாளை ஓட்டுங்கள். துளைகள் ஒரே நேர்க்கோட்டில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும்.

தைத்துப் பார்த்தல்

புதிதானாலும் பழையதானாலும் தைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்தே ஒரு மெல்லிய பருத்தித் துணியும் ஒரு தடித்த துணியும் எடுத்துச் செல்லுங்கள். மேல் நூல் ஒரு நிறமும் பாபின் நூல் வேறு நிறமுமாக இருக்கட்டும். ஒரு முழ நீளம் தைத்து இரு புறமும் பாருங்கள். இரு நூல்களும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும். பாபின் நூலின் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம். மேல் நூல் கீழே தெரிந்தால் தளர்ச்சி. திருகைச் சரிசெய்து மறுபடி தைக்கச் சொல்லுங்கள். அப்போதும் சீராகாவிட்டால் வேறு இயந்திரம் பாருங்கள். துணியை நான்காக மடித்தும், பின்னோக்கியும் தைத்துப் பார்ப்பது அவசியம். கால்மிதியை வீட்டுப் பெண்களே மிதித்துப் பார்க்க வேண்டும். தைக்கப்போவது அவர்கள் என்றால் தேர்வும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

பராமரிப்பு

தையல் இயந்திர எண்ணெய் மட்டுமே இடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி உறுப்புகளை இறுக்கிவிடும். எண்ணெயிட்டபின் பழந்துணியில் சிறிது தைத்து, மிகுந்த எண்ணெயைப் போக்குங்கள். பாபின் பகுதியிலும் பல்லின் அடியிலும் சேரும் பஞ்சை வாரம் ஒருமுறை தூரிகையால் நீக்குங்கள். மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16 அல்லது 18 எண் ஊசி ஏற்றது. நூல் அடிக்கடி அறுந்தால் இயந்திரத்தைக் குறை கூறுமுன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் மழுங்கிய ஊசியிலோ திருப்பிப் போட்ட ஊசியிலோ இருக்கும். வேலை முடிந்ததும் உறையிட்டு மூடுங்கள்.

அரசு உதவி

ஏற்கெனவே தையலைச் சொந்தத் தொழிலாகச் செய்து வருவோர், மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளலாம். தையற்காரர் உட்பட 18 தொழில்கள் அதில் அடங்கும். பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையிலான உதவியும், முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் பிணையில்லாக் கடனும் அதன் கூறுகள். ஒரு குடும்பத்தில் ஒருவரே பயன்பெறலாம். இதற்குப் பொதுச் சேவை மையத்தை அணுகுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. இயந்திரம் வாங்குமுன் தெரிந்தவர் வீட்டு இயந்திரத்தில் ஒரு மாதம் தைத்துப் பழகுங்கள். விதை வாங்குமுன் முளைப்புத்திறன் பார்ப்பது போன்றது இது. ஆர்வம் நிலைக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். நிலைத்தால் துணிந்து வாங்கலாம். அந்த இயந்திரம் உங்கள் வீட்டில் ஒருபோதும் சும்மா இருக்காது.