பனங்கிழங்கு ஐஸ்கிரீம்

ஐரோப்பிய நாடுகளில் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய குளிர்காலத்தில் செஸ்ட்நட் என்னும் ஒருவகைக் கொட்டையை வேகவைத்து மசித்து, பாலேட்டோடு கலந்து உறையவைத்து உண்பது உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ருஷ்ய நாட்டின் வெளிநாட்டு அமைச்சராய் இருந்த நெஸ்ஸல்ரோடு பிரபுவின் பெயரைத் தாங்கிய குளிர்பண்டம் ஒன்று அவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. முந்திரி, பாதாம் முதலிய கொட்டைகளில் எண்ணெய் மிகுதி. செஸ்ட்நட்டிலோ எண்ணெய் மிகச் சொற்பம், மாவே நிறைந்திருக்கிறது. அதனால்தான் வெந்ததும் அது கிழங்கைப் போலக் குழைந்துவிடுகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் செஸ்ட்நட் மரம் கிடையாது. ஆயினும் அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒரு பொருள், ஏறக்குறைய அதே விடுமுறைக் காலத்தில், சாயல்குடிச் சந்தையிலும் இராமேசுவரத்துத் தெருவோரத்திலும் கட்டுக் கட்டாக விலைக்கு வருகிறது. பனங்கிழங்கைத்தான் சொல்லுகிறேன். இனிப்புக்குப் பனங்கற்கண்டு இருக்கிறது. குளிர்ச்சிக்குப் பனிக்கட்டியும் உப்பும் வேண்டும். அவ்விரண்டும் இக்கரைக்குப் புதியன அல்ல. பொங்கல் விடுமுறையில் இவற்றைக்கொண்டு வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்வது எப்படி, அது ஏன் உறைகிறது என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் கிழங்கைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பனம்பழம் முதிர்ந்து தானே விழுந்த பிறகு, அதன் கொட்டைகளைச் சேர்த்து மணற்பாங்கான நிலத்தில் நெருக்கமாகப் பரப்பி மண்ணால் மூடிவைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளை கீழ்நோக்கி இறங்கும். மார்கழியிலும் தையிலும் தோண்டினால் முழ நீளக் கிழங்கு கிடைக்கும். நாம் கிழங்கு என்கிறோமே தவிர, அது உண்மையில் வேரன்று. பனங்கன்று தன் முதல் இலையை வெளியே விடுமுன், கொட்டைக்குள் இருந்த உணவைக் கீழே இறக்கி மாவாகச் சேமித்து வைக்கும் பகுதி அது. கன்று தன் பசிக்கு வைத்த சோற்றை நாம் எடுத்து உண்கிறோம் என்று சொன்னாலும் தவறில்லை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் இதனைப் பிளந்து வெயிலில் உலர்த்தி ஒடியல் என்று பெயரிட்டு, மாவாக்கிக் கூழ் காய்ச்சுகின்றனர். வறண்ட நிலத்து மக்களுக்கு இது சிறுதீனி மட்டுமன்று. நெல் பொய்த்த ஆண்டுகளில் வயிற்றை நிரப்பிய உணவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நுங்குக்கும் பதநீருக்கும் மரம் ஏறுவோர் வேண்டும். அத்தொழிலை மேற்கொள்வோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். ஏற ஆளில்லாத மரத்தைச் செங்கற்சூளைக்கு விறகாக விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர் நினைப்பது இயல்பே. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை வெட்டலாகாது என்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவிக்கவேண்டிய நிலை அவ்வாறுதான் வந்தது. கிழங்குக்கோ யாரும் மரம் ஏறவேண்டியதில்லை. பழம் தானே விழுகிறது. ஏறுவாரற்ற மரத்துக்கும் ஒரு வருவாய் உண்டு என்று காட்டக்கூடியது இந்தக் கிழங்குதான்.

இனிப் பனிக்கட்டிக்கு வருவோம். பனிக்கட்டியின் நடுவே பால் பாத்திரத்தை வைத்தால் பால் உறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உறையாது. ஏன்? உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை 0 டிகிரி. சர்க்கரை கலந்த பாலோ 0 டிகிரியில் உறைவதில்லை. அதற்குக் கீழே சில டிகிரி இறங்கினால்தான் உறையத் தொடங்கும். ஆகவே வெறும் பனிக்கட்டி பாலைக் குளிரச்செய்யுமேயன்றி உறையச்செய்யாது. விடியும்வரை வைத்திருந்தாலும் கிடைப்பது குளிர்ந்த பாலே.

அதே பனிக்கட்டியின்மேல் உப்பைத் தூவுங்கள். உப்பு கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது. எனவே கட்டியின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தில் உப்புக் கரைந்ததும் கட்டி விரைந்து உருக முற்படுகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே! 1 கிராம் பனிக்கட்டி நீராவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. அந்த வெப்பத்தை அது எங்கிருந்து பெறும்? தன்னிடமிருந்தும், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாத்திரத்திலிருந்தும், அதனுள் இருக்கும் பாலிலிருந்தும் பறித்துக்கொள்கிறது. எடையில் மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் கலந்தால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே 20 டிகிரியை நெருங்கவும் கூடும். மிகக் கீழான எல்லை 21 டிகிரி. பனிக்கட்டி உருகுவதால் பால் உறைகிறது என்றால் வேடிக்கையாகத் தோன்றும், நடப்பது அதுவே.

பாம்பனிலும் மண்டபத்திலும் மீனுக்காகப் பெரும் பனிக்கட்டிகளை வார்க்கும் ஐஸ் கம்பெனிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கும் உப்புநீருக்கு வேலை உண்டு. நல்ல நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை, 0 டிகிரிக்கும் கீழே குளிர்வித்த உப்புநீர்த் தொட்டியில் இறக்கிவைக்கிறார்கள். தொட்டியிலுள்ள உப்புநீர் உறைவதில்லை. பெட்டியிலுள்ள நல்ல நீர் கட்டியாகிறது. அங்கே குளிர்விக்க இயந்திரம் இருக்கிறது. நம் வாளியில் அந்த வேலையைப் பனிக்கட்டியே செய்கிறது.

இயந்திரங்கள் வருமுன் சென்னைக்குப் பனிக்கட்டி அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியதும் அக்கட்டடத்திலேதான். மரத்தூளை மறந்துவிடாதீர்கள், அதற்கு நம்மிடமும் வேலை இருக்கிறது.

செய்முறை இது. ஒரு லிட்டர் பாலை முக்கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சி ஆறவிடுங்கள். தடித்த கிழங்குகளாக ஆறேழு எடுத்துத் தோலுரித்துக் குழைய வேகவையுங்கள். வழக்கம்போல் மஞ்சள் சேர்க்கவேண்டாம். வெந்ததும் இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள குருத்தையும் நாரையும் நீக்கி, அம்மியிலோ மின் அரைப்பானிலோ சிறிது பால் விட்டு அரைத்துச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். இந்தத் தேய்ப்பில் சோம்பல் கூடாது. ஒரு நார் தங்கினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். விழுது 200 கிராம் இருந்தால் போதும். பனங்கற்கண்டு 150 கிராமைச் சிறிது வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மண் நிற்கும். அதுவும் ஆறிய பின்னரே பாலோடு சேரவேண்டும். சூடான பாலில் கருப்பட்டியையோ கற்கண்டுப் பாகையோ ஊற்றினால் பால் திரிந்துபோகக்கூடும். ஏலக்காய் இரண்டு போதும். கிழங்குக்கென்று ஒரு மணம் இருக்கிறது. அதை ஏலக்காய் அமுக்கிவிடலாகாது.

இக்கலவையை மூடியுள்ள எவர்சில்வர்த் தூக்குவாளியில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றுங்கள். அதை ஒரு பெரிய வாளியின் நடுவில் வையுங்கள். பெரிய வாளியைச் சாக்கால் சுற்றி, மரத்தூளோ உமியோ நிரப்பிய பெட்டிக்குள் இருத்தினால் வெளி வெப்பம் எளிதில் நுழையாது. 4 கிலோ பனிக்கட்டியைச் சாக்கில் போட்டு உலக்கையால் நொறுக்கி, பனிக்கட்டி ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றித் தூக்குவாளியைச் சுற்றி இடுங்கள். தூளுப்பு விரைவில் கரைந்து அடியில் போய்த் தங்கும், கல்லுப்பே சிறந்தது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் கோடையில் வாரிய உப்பு, மழைக்காலம் கழிந்த தை மாதத்திலும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

பிறகு தூக்குவாளியை இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளுங்கள். துடைக்காமல் திறந்தால் உப்புநீர் ஒரு சொட்டு உள்ளே விழும். அத்தோடு உழைப்பெல்லாம் வீண். அசையாமல் வைத்தால் நீர் பெரிய பெரிய ஊசிகளாக உறைந்து நறநறவென்றிருக்கும். வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்து மறந்துவிட்ட பாலும் அப்படியே ஆகிறது. இடையறாது கிளறினால் ஊசிகள் பெருக்க வழியில்லை. கிழங்கின் மாவும் நீரைத் தன்னிடம் பிடித்துவைத்து அதே உதவியைச் செய்கிறது. பாலேடு குறைவாக இருந்தும் ஐஸ்கிரீம் வழவழப்பாக வருவது அதனால்தான். முக்கால் மணி நேரத்தில் கரண்டி நிமிர்ந்து நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈரக் கையால் வாளியின் வெளிப்புறத்தைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, மீனுக்காக வார்த்த பனிக்கட்டி வெளி வாளிக்கு மட்டுமே. அதை வாயிலோ குடிநீரிலோ இடக்கூடாது. செய்த ஐஸ்கிரீமை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். உருகியதை மீண்டும் உறையவைத்து உண்பது கெடுதி.

வேலை முடிந்தபின் வெளி வாளியில் கரிப்பு நீர் நிற்கும். அதைச் செடியின் வேரில் கொட்டிவிடாதீர்கள். அகன்ற தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். சில நாட்களில், உப்பளத்தில் விளைவது போலவே, தட்டின் அடியில் வெள்ளைப் படிகங்கள் தோன்றும். நீங்கள் இட்ட உப்பேதான் அது. சமையலுக்கு ஆகாது, ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த முறை வாளிக்கு உதவும்.